லட்சுமிகாந்தன் கொலை வழக்கு: ஒரு ‘ன்’, ஒரு ‘ர்’

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்துவருகிறேன். பலவற்றில் என்னை நிறுத்தியது வினைமுற்று. பாகவதர் பாடினார், கலைவாணர் அள்ளிக் கொடுத்தார். லட்சுமிகாந்தன் எழுதினான், மிரட்டினான், செத்தான். எல்லாம் ஒரே பத்தியில். எழுதியவர் எந்தப் பக்கம் என்று அறிய வாதத்துக்குள் போகவே வேண்டாம், விகுதி சொல்லிவிடுகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’ என்று அவர் நடத்திய பத்திரிகைகள் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைச் சந்திக்கு இழுத்தவை. பணம் பறித்தார் என்ற பேச்சும் உண்டு. அதெல்லாம் சரி. ஆனால் 1944 நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டு மறுநாள் இறந்துபோனது ஒரு மனிதர். அவருடைய பத்திரிகை எப்படிப்பட்டது என்பது ஒரு கேள்வி, யார் குத்தினார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதையும் முடித்துவிட்ட தெம்போடு எழுந்துபோகும் கட்டுரைகள்தான் நிறைய.

எனக்கும் என்.எஸ்.கே. மேல் பிரியம் உண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப்பார்க்க மனசு வராது. அதனாலேயே, அவருக்குச் சாதகமான எந்த வாதம் வந்தாலும் எனக்குப் பிடிக்காத நடிகர் ஒருவரின் பெயரை அங்கே போட்டு இன்னொரு தடவை படிக்கிறேன். பாதி வாதங்கள் அதற்கு மேல் நிற்பதில்லை.

தீர்ப்புகளைக் கையாளும் விதத்தில் இது நன்றாகத் தெரியும். 1945-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரியின் பெரும்பான்மை முடிவுப்படி பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. ரசிகர் கட்டுரைகளில் ஜூரி உணர்ச்சிவசப்பட்ட கூட்டம், 1947 நீதிபதிகள் நிதானஸ்தர்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு சினிமாக்காரரும் அந்த வழக்கில் இருந்தார், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு. அவர் 1945-லேயே, அந்த முதல் விசாரணையிலேயே விடுதலையாகிவிட்டார். வெறும் ஆத்திரத்தில் முடிவெடுத்த ஜூரி என்றால், இவரை எப்படி விட்டது? இந்தக் கேள்வியை யாரும் தொடுவதில்லை.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டது இல்லை. ‘சினிமா தூது’வின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி இந்த மூவரும் கவர்னரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். ரசிகருக்கு அது சட்டப்படி நடந்துகொண்டதற்கு அத்தாட்சி. சினிமாக்காரர்களைக் கண்டாலே ஆகாதவருக்கு அதுவே கொலைக்கான நோக்கம். காகிதம் ஒன்றுதான். உரிமம் ரத்தானதற்குப் பிறகும் வேறொரு பெயரில் பத்திரிகை வந்தது என்பதை இரண்டு பேருமே தங்களுக்குத் தோதாக வளைத்துக்கொள்கிறார்கள்.

விடுதலை என்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிரபராதிகள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அவர்களைக் கொலைகாரர்கள் என்று எழுத இன்று யாருக்கும் உரிமை கிடையாது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோதே கைதாகி, இரண்டு வருஷத்துக்கு மேல் இழந்து, பழைய இடம் திரும்பக் கிடைக்காமலே 1959-ல் பாகவதர் இறந்ததும் உண்மையிலேயே பெரிய துயரம்தான். அந்தத் துயரத்தை வைத்து 1944-ல் வேப்பேரியில் நடந்ததை நிரூபிக்க முயல்வதைத்தான் ஒப்ப முடியவில்லை. ஒருவர் பட்ட கஷ்டம் சாட்சியம் ஆகாது. ரத்தான தண்டனையும் ஆகாது.

வழக்குக்கு லட்சுமிகாந்தன் பெயர். கட்டுரைகளிலோ அவர் இரண்டாம் பத்தியில் குத்துப்பட்டு இறந்துவிடுகிறார், மிச்சம் முழுக்க இரு கலைஞர்களின் சரித்திரம். அவர்கள் குத்தச் சொல்லவில்லை என்றால் வேறு யாரோ குத்தியிருக்க வேண்டுமே என்று, அவர்கள் நிரபராதிகள் என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகூடக் கேட்பதில்லை.