மரம் மாற்றிய வண்டி

சிதம்பரம் ஆனித் தேரோட்டத்தன்று கீழவீதியில் தேருக்காகக் காத்திருந்த நேரத்தில், மாமாவிடம் போனில் ஒரு காரைக் காட்டினேன். பச்சை நிற மோரிஸ் மைனர் டிராவலர். பின்பாதி முழுக்க மரச்சட்டம். இங்கிலாந்தில் யாரோ பளபளவென்று வைத்திருக்கும் வண்டி. அறுபது வருடமாக அப்படியே இருக்கிறது என்று படத்துக்குக் கீழே பெருமையாக எழுதியிருந்தது. மாமா கடலூரில் முப்பது வருஷம் லாரிக்கு பாடி கட்டியவர். கொஞ்ச காலம் முதுநகர் பக்கம் படகு வேலையும் பார்த்திருக்கிறார். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். "அப்படியே இல்லடா. இந்த ஓரக்கட்டை புதுசு. ரேகை ஓட்டத்தப் பாரு, பக்கத்துக் கட்டையோட சேரல. மாத்தியிருக்கான். நல்லா மாத்தியிருக்கான்."

எனக்கு ஏமாந்துவிட்ட மாதிரி இருந்தது. அவரோ பாராட்டிக்கொண்டிருந்தார். ஒரே கட்டையைப் பார்த்து இரண்டு பேருக்கு ஏன் இப்படி நேரெதிராகத் தோன்ற வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வண்டி. மோரிஸ் மைனர் 1948இல் வந்தது. பின்னாளில் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தவர். நம்மூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் கொஞ்ச காலம் விற்றது. இதன் அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் அம்பாசடராக மாறி 2014 வரை நம்மோடு இருந்தது. மைனரின் டிராவலர் வடிவம் 1953 முதல் 1971 வரை தயாரானது. முன்கதவு வரைக்கும் மற்ற மைனர்களைப் போலவே எஃகு உடல். அதற்குப் பின்னால் ஆஷ் மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே அலுமினியத் தகடு, கடைசியில் அலமாரி மாதிரி இரண்டாகத் திறக்கும் கதவு. ஆஷ் மரம் நமக்கும் தெரிந்ததுதான். கிரிக்கெட் ஸ்டம்புகளை அதில்தான் செய்வது வழக்கம்.

இந்த மரம் அலங்காரம் இல்லை என்பதுதான் டிராவலரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம். வண்டியின் பின்பாதியைத் தாங்குவதே இந்தச் சட்டம்தான். சட்டம் உளுத்தால் வண்டி உளுத்தது என்று அர்த்தம். பிரிட்டனின் வருடாந்திரத் தகுதிச் சோதனையில் எஃகு துருப்பிடித்தால் எப்படித் தேறாதோ, அப்படியே மரம் உக்கிப்போனாலும் தேறாது.

இதற்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. மோட்டார் வருவதற்கு முன்பே, வேட்டைக்குப் போகும் கனவான்களையும் நாய்களையும் ஏற்றிச்செல்ல 'ஷூட்டிங் பிரேக்' என்ற குதிரைவண்டியை இங்கிலாந்துத் தச்சர்கள் கட்டினார்கள். கார் வந்தபோது அவர்கள் குதிரையை மட்டும் அவிழ்த்துவிட்டு, அதே கையால் சேஸிஸ் மேல் மரக்கூடு கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த மரவண்டிகளுக்கு மறுபடி ஒரு காலம் வந்தது. மாமாவுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. "நாமக்கல்லு, திருச்செங்கோடு பட்டறையெல்லாம் வேற என்னடா? கம்பெனிக்காரன் சேஸிஸ் தருவான். மிச்சம் ஆசாரி வேலை." நாம் ஹைவேயில் ஒதுங்கி வழிவிட்ட ஆயிரக்கணக்கான மரப்பாடி லாரிகளும் இந்த ஆங்கிலேய வண்டியும் ஒரே குடும்பம். ஒன்றைப் படம் பிடித்து லைக் வாங்குகிறோம், மற்றதற்கு ஹாரன் அடிக்கிறோம்.

இனி விமர்சனம். டிராவலரின் அழகு அதன் நேர்மையில் இருக்கிறது. எது தாங்குகிறது, எது மூடுகிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். ஒவ்வொரு மூட்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் 1960களின் மினி டிராவலர் ஒரு சின்ன ஏமாற்று. அதிலும் மரம் உண்டு, ஆனால் எஃகு உடல்மேல் ஒட்டவைத்த மரம். கழற்றி எறிந்தாலும் வண்டி ஓடும். அமெரிக்காவின் ஃபோர்டு கன்ட்ரி ஸ்க்வயர் இன்னும் ஒரு படி மேலே போய், மரம் மாதிரி அச்சடித்த ஒட்டுத்தாளையே உடம்பில் ஒட்டிக்கொண்டது. மரம் முதலில் எலும்பாக இருந்தது, பிறகு நகையாயிற்று, கடைசியில் படமாகிவிட்டது. இன்று 'ரெட்ரோ' என்று நம்மிடம் விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை.

ஆனால் டிராவலரின் குறையையும் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டுச் சன்னல் கண்ணாடி நகரும் பள்ளத்தில் மழைநீர் தேங்கும். அங்கே பாசி பிடிக்கும். வார்னிஷ் விரிசல் விட்டால் தண்ணீர் மூட்டுக்குள் இறங்கி, வெளியே தெரியாமலேயே அரிக்கும். ஒரு பொறியாளனாக இதை மோசமான வடிவமைப்பு என்பேன். ஆனால் இந்தக் குறைதான் உரிமையாளரை வண்டியோடு கட்டிப்போடுகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயோ வார்னிஷோ பூச வேண்டும், பிறகு ஒருநாள் கட்டையையே மாற்ற வேண்டும். இன்று நன்றாக இருக்கும் எந்த டிராவலரும் ஏதோ ஒரு கட்டத்தில் மரம் மாற்றியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'அப்படியே இருக்கிறது' என்ற வாக்கியத்தை இந்த வண்டியைப் பற்றிச் சொல்வதே தப்பு.

நம் சட்டமோ அந்த வாக்கியத்தைத்தான் நம்புகிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருடத்துக்குச் செல்லும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள். வண்டி அதன் மூல வடிவத்தில், உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத் தவிர அன்றாட உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. பழசு என்றால் தொடாதது, ஓடாதது. மரவண்டிக்கு இந்த வரையறை பொருந்தாது. தொடாமல் விட்டால் அது பழசாகாது, மண்ணாகும்.

தேருக்காக நின்றுகொண்டிருந்த அந்த ஊரிலேயே இதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் வருகிறார்கள். மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தீட்சிதர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். திறந்து பார்த்தால் ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் விட்டுக் கரையானை அகற்றி எடுக்க, கிடைத்தது கொஞ்சம், போனது நிறைய. இந்தக் கதையின் பின்பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. அதற்காகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போனார்கள். அவள்வழியாகப் பண் அமைந்தது. கதைதான் என்றாலும், பூட்டிவைத்ததைக் கரையான் தின்றது, பாடிக்கொண்டிருந்த குடும்பத்தில் இசை இருந்தது என்று நினைக்க ஒரு சமூகம் விரும்பியிருக்கிறது. அந்த மூவரில் ஒருவரான அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டுக் கரையேறிய இடமென்று எங்கள் திருப்பாதிரிப்புலியூரைச் சொல்வார்கள். அவர் கையில் இருப்பது உழவாரம். புல் செதுக்கும் கருவி. அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் புல்லை மறுபடி செதுக்குகிற வேலை.

தேரும் அப்படித்தான். தில்லையில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவரே தேரேறி வீதிக்கு வருகிறார். கீழே சிற்பம் செதுக்கிய மரப்பீடம் நிரந்தரம். மேலே மூங்கிலும் சீலையும் தொம்பையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது. நிரந்தரம் என்கிற பீடத்திலும் பழுதான பாகத்தை மாற்றுவார்கள். திருவாரூர் ஆழித்தேரின் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் திருச்சி பெல் நிறுவனம் வந்தது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஓடாமல் நின்ற தேர்களைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

இங்கே எனக்கே ஓர் ஆட்சேபம் உண்டு. ஓடுவது மட்டும் போதுமா? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், தலித்துகளும் வடம் பிடிப்பது தொடர்பான தகராறில் தேர் பல வருடம் நின்று, நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024இல் ஓடியது. யார் கை படலாம், யார் கை படக்கூடாது என்பதை விட்டுவிட்டு மரபைப் பேசுவது ஒட்டுத்தாள் மரம் மாதிரி. இன்னொரு ஆட்சேபமும் வலுவானது. எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால் சான்று அழியும். ஏட்டைப் பெயர்த்தெழுதுகிறவர் பிழையையும் சேர்த்தே எழுதுவார். அதனால்தான் பதிப்பாசிரியர்கள் பழைய பிரதி தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். தொடாத ஒரு டிராவலர் எங்காவது அருங்காட்சியகத்தில் இருக்கத்தான் வேண்டும், 1953இல் மூட்டை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள.

இரண்டையும் சேர்க்க ஒரு வழி என் தொழிலில் இருக்கிறது. நான் வேலை செய்யும் மென்பொருளில் பதினைந்து வருடப் பழைய பகுதிகள் உண்டு. அதில் முதல் நாள் எழுதிய வரிகள் ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் அது அதே மென்பொருள்தான், ஏனென்றால் எந்த வரியை, யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார்கள் என்று 'கிட்'டில் பதிவாகியிருக்கிறது. மாற்றம் ஏமாற்று ஆவது மறைக்கும்போதுதான். மரவண்டிக்கும் அப்படி ஒரு குறிப்பேடு இருந்தால் போதும்: இந்த ஓரக்கட்டை இந்த வருடம் மாற்றியது, இன்ன மரம், இன்னார் கை. நம் சட்டம் கேட்க வேண்டியது 'மாறாமல் இருக்கிறதா' என்றல்ல, 'மாற்றியதை எழுதியிருக்கிறாயா' என்று.

மாமாவுக்குப் பின் அந்த வேலைக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நான் பொறியியல் படித்தேன், அவர்தான் ஃபீஸ் கட்டினார். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையில் ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. லாரிக்கு இரும்பு கேபின் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஃபைபர் சுலபம், இரும்பு பத்திரம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரேகை ஓட்டத்தைப் பார்த்தே கட்டை புதுசு என்று சொல்லும் கண் எங்கே பதிவாகும் என்று தெரியவில்லை.

அன்றைக்குத் தேர் எங்களைத் தாண்டியபோது கூட்டம் மேலே பார்த்துக் கும்பிட்டது. மாமா கீழே பார்த்துக்கொண்டிருந்தார், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை. தேர் நகர்ந்த பிறகு மறுபடி போனைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தின் கீழே இருந்த ஆங்கிலத்தை என்னை வாசிக்கச் சொன்னார். உரிமையாளர் பெயர் இருந்தது. வண்டி வாங்கிய வருடம் இருந்தது. பெயிண்ட்டின் நிறத்துக்குக்கூடப் பெயர் இருந்தது.

"கட்டை மாத்தினவன் பேரு?"

இல்லை மாமா என்றேன்.