பாதாளமும் நரகமும்: தமிழ் விவிலியச் சொல்லாட்சி குறித்த ஒரு மதிப்பீடு

கிறித்தவ சமயத்தின் மறுமைக் கொள்கை தமிழில் பேசப்படும்போது இறையியல் நூல்களே பெரிதும் சான்று காட்டப்படுகின்றன. ஆயின் பொதுமக்களாகிய தமிழ்க் கிறித்தவரின் உள்ளத்தில் அக்கொள்கைக்கு வடிவம் தந்தவை விவிலிய மொழிபெயர்ப்பாளர் தேர்ந்துகொண்ட ஒருசில சொற்களே எனலாம். அவற்றுள் பாதாளம், நரகம் என்னும் இரண்டும் தனித்து ஆராயத்தக்கவை.

மூலமொழிகளில் இவ்விடங்கள் பல பெயர்களால் சுட்டப்படுகின்றன. எபிரேய மொழியிலமைந்த பழைய ஏற்பாட்டில் 'சியோல்' என்னும் சொல் 65 இடங்களில் பயில்கின்றது. நல்லவர், தீயவர் என்னும் வேறுபாடின்றி இறந்தோர் யாவரும் சென்றடையும் இருண்ட கீழுலகம் அது. யோசேப்பு இறந்தான் எனக் கருதிப் புலம்பும் யாக்கோபு, தானும் துயரத்தோடு அவ்விடத்திற்கே இறங்குவதாகக் கூறுகிறான். துன்பம் பொறாத யோபு, தன்னைச் சிலகாலம் அங்கே ஒளித்துவைக்குமாறு இறைவனை வேண்டுகிறான். தண்டனைக்குரிய தீக்குழியை ஒருவன் புகலிடமாகக் கேட்பானா என்பது சிந்திக்கத்தக்கது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் சியோலுக்கு 'ஹாதேஸ்' என்னும் சொல்லைப் பெய்தனர். புதிய ஏற்பாடும் அதனை மேற்கொண்டது.

'கெகென்னா' இவற்றினின்று முற்றிலும் வேறானது. எருசலேம் நகரை அடுத்துள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரே அவ்வாறு திரிந்தது. குழந்தைகளைத் தீயில் பலியிட்ட கொடுமையால் அவ்விடம் பழிபெற்றதை எரேமியா நூல் கூறும். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வரும் 12 இடங்களுள் 11 இயேசுவின் கூற்றாகவே அமைந்துள்ளன. எஞ்சிய ஒன்று யாக்கோபு திருமுகத்தில் உள்ளது. (அப்பள்ளத்தாக்கு ஓயாது எரியும் குப்பைமேடாக இருந்தது என மறையுரைகளில் அடிக்கடி கேட்கப்படும் செய்திக்கு, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கியின் குறிப்பே பழைய ஆதாரமாகக் காட்டப்படுகிறது. இயேசுவின் காலத்திற்கு அது சான்றாகாது.)

1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைப் பேணவில்லை. சியோல் வரும் 65 இடங்களில் 31இல் 'ஹெல்' என்றும், 31இல் கல்லறை என்னும் பொருளிலும், 3இல் குழி என்னும் பொருளிலும் அது பெயர்த்தது. ஹாதேஸ், கெகென்னா இரண்டிற்கும் பெரும்பாலும் ஒரே 'ஹெல்' என்னும் சொல்லையே வழங்கிற்று. இதன் விளைவு திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்தில் வெளிப்படுகின்றது. இறுதித் தீர்ப்பில் மரணத்தோடு ஹாதேசும் தீக்கடலில் எறியப்படுவதாக மூலம் கூற, ஆங்கிலத்தில் நரகமே நரகத்தில் எறியப்படும் முரண் நேர்ந்துவிட்டது. 1881, 1885ஆம் ஆண்டுகளின் திருத்தப் பதிப்பே இக்குறையை ஓரளவு களைந்தது.

தமிழோ இதில் முந்திக்கொண்டது. பவர் ஐயர் தலைமையிலான குழுவினரின் உழைப்பால் 1871இல் முழுமையாக வெளிவந்த திருப்புதல், சியோல், ஹாதேஸ் இரண்டையும் பெரும்பாலும் பாதாளம் என்றும், கெகென்னாவை நரகம் என்றும் பிரித்து வழங்குகிறது. யாக்கோபும் யோபும் அதில் பாதாளத்தையே சுட்டுகின்றனர். தீக்கடலில் எறியப்படுவதும் பாதாளமே. ஆங்கிலத்தின் நிழலில் நின்று பணிசெய்த அக்குழுவினர் ஆங்கிலத்தைப் பின்பற்றாது மூலத்தை நோக்கியமை பாராட்டுக்குரியது. எனினும் அவர்களும் சில இடங்களில் வழுவினர். ஒன்பதாம் சங்கீதத்தின் 17ஆம் வசனத்தில் மூலம் சியோல் என்றே கூற, தமிழ் நரகம் என்கிறது. தீயோரைப் பற்றிய பேச்சு என்பதால் சொல்லும் கடுமையாகட்டும் என எண்ணினர் போலும். மொழிபெயர்ப்பாளன் இங்கே உரையாசிரியனாகிவிட்டான்.

இவ்வாறு பெரும்பாலும் பிரித்து எழுதியும், படிப்போர் இரண்டையும் ஒன்றாகவே கொண்டனர். இதற்குக் காரணம் அச்சொற்களின் முன்னைய வாழ்க்கையில் உள்ளது. புராண மரபில் பாதாளம் என்பது கீழேழு உலகங்களுள் இறுதியானது. நாகர் வாழும் செல்வம் மிக்க நாடு. இறந்தோர் உறைவிடம் என்னும் பொருள் அதற்கு இயல்பாக இல்லை. அப்பொருளை ஏற்ற மறுத்த சொல், அருகிருந்த நரகத்தின் பொருளை எளிதில் வாங்கிக்கொண்டது. இயேசு பாதாளத்தில் இறங்கினார் எனத் திருச்சபையின் விசுவாச அறிக்கை சொல்வதைக் கேட்கும் ஒருவர், அவர் நரகத்தீயில் வீழ்ந்ததாகப் பொருள்கொள்வது இதனாலேயே. இறந்தோருள் ஒருவராக அவரும் சென்றார், மானிட இறப்பை முழுதும் ஏற்றார் என்னும் ஆழ்ந்த கருத்து அங்கே நழுவிப்போகிறது.

நரகம் என்னும் சொல்லும் சிக்கலற்றதன்று. இந்திய சமய மரபுகளில் நரகம் வினைப்பயன் தீருமளவும் துய்க்கப்படுவது. அதன்பின் பிறவி தொடரும். கிறித்தவ மரபோ பெரும்பாலும் அதனை முடிவற்றதெனக் கொண்டது. எனவே 'நித்திய' என்னும் அடைமொழி தேவையாயிற்று. புறநானூறு காட்டும் நிரயமும், குறள் காட்டும் அளறும் தமிழில் இருந்தன. அளறு என்பது சேறு. அமிழ்தலை உணர்த்துமேயன்றி எரிதலை உணர்த்தாது. அதனை விடுத்தது சரியே.

விண்ணுலகைக் குறிக்கும் சொற்களில் வேறொரு சிக்கல் உண்டு. மூலத்தில் வானத்திற்கும் இறைவன் உறைவிடத்திற்கும் ஒரே சொல். தமிழ் வானம், பரலோகம் எனப் பிரித்தது. வினைதீர்ந்தபின் மீளவேண்டிய சுவர்க்கத்தினும் பரலோகம் ஏற்புடையதே. ஆயினும் மத்தேயு வழங்கும் தொடர் 'பரலோக ராஜ்யம்' ஆனபோது, இறந்தபின் செல்லும் நாடு என்றே அது கொள்ளப்பட்டது. மாற்கும் லூக்காவும் அதே இடங்களில் இறைவனின் அரசு என்கின்றனர். இவ்வுலகில் தொடங்கும் இறையாட்சியே அங்குக் கருதப்படுவது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் 'விண்ணரசு' சுருக்கமானது; ஆட்சி என்னும் பொருளும் அதில் சற்றே தெளிவுறுகிறது.

அதே பதிப்பு, சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அளித்த வாக்குறுதியில், பழைய திருப்புதலின் 'பரதீசு' என்னும் ஒலிபெயர்ப்பை நீக்கிப் 'பேரின்ப வீடு' என அமைத்தது. தமிழ்ச் செவிக்கு இது இனியது. ஆனால் வீடு என்பது தமிழ் மரபில் பிறவித் தளையினின்று விடுபடுதல். பரதீசோ பாரசீகத்திலிருந்து எபிரேயத்திற்கும் கிரேக்கத்திற்கும் வந்த சொல். மதில் சூழ்ந்த சோலை என்பது அதன் பொருள். ஏதேன் தோட்டத்தில் இழந்ததை மீளப்பெறுதல் என்னும் குறிப்பு அதனுள் உள்ளது. புதிய தொடரில் அத்தோட்டம் இல்லை.