தந்தையின் துயரும் ஆலிமின் வாதமும்

நோய் நமக்கு வந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருவகை. நம்மால் பிறருக்கு வந்துவிடுமோ என்னும் அச்சம் மற்றொருவகை. முன்னதைக் குறித்து எழுந்த நூல்கள் பல. பின்னதைக் குறித்துப் பேசியவர்கள் மிகச் சிலரே. ஆயினும் முதிய தாயும் கைக்குழந்தையும் ஒரே கூரையின்கீழ் வாழும் நம் குடும்பங்களில் நெஞ்சை அரித்தெடுப்பது பின்னதுதான். அந்த நோக்கில் பழைய அரபுக் கிரந்தமொன்றை மீண்டும் புரட்டிப் பார்க்க விழைகின்றோம்.

‘பத்லுல் மாஊன் ஃபீ ஃபள்லித் தாஊன்’ என்பது அந்நூலின் பெயர். இயற்றியவர், ‘ஃபத்ஹுல் பாரீ’ என்னும் புகாரி விரிவுரையால் உலகறிந்த இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்). 1372-இல் பிறந்து 1449-இல் மறைந்த அப்பெருமகனார் கெய்ரோவில் பலமுறை கொள்ளைநோயைக் கண்ணாரக் கண்டவர். நோயின் தோற்றம், அதன் இலக்கணம், அதில் மாண்டவர்க்குரிய ஷஹீத் எனும் பேறு, நோய் கண்ட ஊருக்குள் புகுவதும் அதைவிட்டு வெளியேறுவதும் பற்றிய சட்டம், நோய் இறங்கியபின் செய்யத்தக்கவை என ஐந்து பாகங்களாக நூலை வகுத்திருக்கின்றார்.

ஹிஜ்ரி 819-இல் அவருடைய மகளார் இருவர், ஃபாத்திமாவும் ஆலியாவும், தாஊனில் மறைந்தார்கள். நூல் நிறைவு பெற்ற 833-ஆம் ஆண்டில் மூத்த மகளார் ஸைன் காத்தூன் கருவுற்றிருந்த நிலையிலேயே அதே நோய்க்கு இரையானார். மூன்று ஜனாஸாக்களைக் கண்ட தந்தையின் கை எழுதிய நூல் இது. எனினும் இதில் ஓங்கி ஒலிப்பது முஹத்திஸின் குரலே. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்கின்றார். பலவீனமான ஹதீஸ்களைப் பிரித்து ஒதுக்குகின்றார். மருத்துவர்களின் கூற்றை மறுக்கின்றார். ஓர் ஆலிம் தம் துயரை அறிவின் ஒழுங்குக்குள் அடக்கிக்கொண்ட விதம் அது என்றே நாம் கொள்கின்றோம்.

இனி, இந்நூலுக்கும் நமக்கும் நேர்ந்த உரசலைச் சொல்லியாக வேண்டும்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை காரைக்கால் பகுதியையும் உலுக்கிக்கொண்டிருந்த நேரம். போலகத்தில் நம் வீட்டில் எண்பதைக் கடந்த தாயார், மூச்சிரைப்பு உடையவர். ஒருநாள் மாலை நமக்குத் தொண்டை கரகரத்தது. உடம்பு சற்றே சுட்டது. அவ்வளவுதான். உள்ளே போகாமல் திண்ணையிலேயே படுக்கையை விரித்தோம். கதவுக்கு அப்பாலிருந்து தாயார் கேட்டார்கள்: “தொற்று என்று ஒன்று இல்லையென்று நீதானே வாப்பா பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தாய்? இப்போது பெற்றவளைக் கண்டு ஏன் ஒதுங்குகிறாய்?”

நாம் வாயடைத்துப் போனோம். முப்பது ஆண்டுக் காலம் ஓதிக்கொடுத்த பாடம் வாசற்படியில் நின்று நம்மையே வினவியது.

அந்தப் பாடம் எது? நம் மத்ரஸாக்களில் ஹதீஸ் கலைக்கு வாயிலாக ஓதப்படும் ‘நுஸ்ஹத்துன் நழர்’. அதுவும் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் நூலே. மேற்பார்வைக்கு முரண்படும் இரு ஹதீஸ்களை இணைப்பதற்கு அதில் ஓர் எடுத்துக்காட்டு வருகின்றது. தொற்றுதல் இல்லை என்று ஒரு ஹதீஸ் கூறுகின்றது. சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோலத் தொழுநோயாளியை விட்டு விலகுமாறு மற்றொன்று பணிக்கின்றது. இவ்விரண்டையும் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) ஒருவாறு இணைத்தார்: நோய் தன் சுய ஆற்றலால் தாவுவதில்லை, ஆயினும் நோயாளியோடு கலந்து பழகுவதை அல்லாஹ் அதற்கொரு ‘சபபு’, அதாவது காரணம் ஆக்கியிருக்கின்றான், ஏனைய காரணங்களைப் போலவே இதுவும் சிலவேளை பலிக்காமல் போகலாம்.

இப்னு ஹஜர் (ரஹ்) இதனினும் வேறோர் இணைப்பே மேல் என்றார். தொற்று இல்லை என்பது பொதுவிதியாகவே நிற்கட்டும். விலகச் சொன்னது கொள்கையைக் காப்பதற்காக. பழகியவனுக்கு இறைவிதியால் தற்செயலாக நோய் வந்தால், தொற்றினால் வந்தது என்று அவன் தவறாக நம்பிவிடக் கூடாதல்லவா? அந்த வழியை அடைக்கவே விலகுமாறு ஏவப்பட்டது என்பது அவர் கருத்து. நாமும் அதையே சரியென ஏற்று ஓதிக்கொடுத்து வந்தோம். இணைப்பின் நுட்பம் நம்மைக் கவர்ந்திருந்தது.

திண்ணையில் கிடந்த அந்நாட்களில்தான் ‘பத்லுல் மாஊனை’ நிதானமாக ஓதினோம். அதன் பெருஞ்சிறப்பும் பெருங்குறையும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டோம். ஹிஜ்ரி 833-இல் கெய்ரோவில் நோய் தொடங்கியபோது அன்றாடம் இறந்தவர் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, மழைத் தொழுகைக்குச் செல்வதுபோல் பாலைவெளியில் திரண்டு துஆ இறைஞ்சித் திரும்பினார்கள். அம்மாதம் முடியுமுன்பே நாளொன்றுக்கு மாண்டவர் ஆயிரத்தைக் கடந்தனர். இதை எழுதிவைத்தவர், தொற்றை மறுத்த அதே இமாம்தான்! அப்படித் திரளுவது முன்னோர் வழிக்கு மாறான புதுமை என்று காட்டுவதற்காக அவர் இதைச் சொன்னார். இன்று ஓதுகின்ற நாமோ, கூட்டத்தில் நோய் பரவிய கணக்கை அதில் காண்கின்றோம். தம் வாதத்துக்குத் துணைசெய்யாத உண்மையையும் உள்ளவாறே பதிந்த நேர்மை அவருடையது. அவருடைய பேனா கண்டதை அவருடைய வாதம் காணவில்லை என்பதே நம் மதிப்பீடு.

ஒரே வீட்டில் சிலரைத் தாக்கும் நோய் மற்றவரை விட்டுவிடுகின்றதே என்பது அவருடைய தரப்பின் வலிய கேள்வி. அதற்குரிய விடை இப்னுஸ் ஸலாஹின் ஒற்றை வாக்கியத்திலேயே அடங்கியிருந்தது: காரணம் இருந்தும் விளைவு நிகழாதிருக்கலாம். 2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்காலில் வாந்திபேதி பரவி, காலரா உறுதிப்பட்டு, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, கொதித்தாறிய நீரையே பருகுமாறு வீடுதோறும் சொல்லப்பட்டது. காலராக் கிருமி உட்சென்றவர்களில் பெரும்பாலோர்க்கு நோய்க்குறி தோன்றுவதே இல்லை. ஆனால் அவர்களின் கழிவு வழியாகக் கிருமி சில நாட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். நீரில் கலந்தால் பிறரைச் சேரும். ஆகவே வீட்டில் நலமாக நடமாடுகின்றவனே நலிந்தவர்க்கு நோயைக் கொண்டு சேர்ப்பவனாக இருக்கக்கூடும். சிலர் தப்புவது தொற்றின்மைக்குச் சான்றாகாது.

இங்கே மூன்றாம் ஹதீஸ் ஒன்று நம் சிந்தைக்கு வந்தது. நோயுற்ற ஒட்டகங்களை உடையவர், நலமுள்ள ஒட்டகங்களிடம் அவற்றைக் கொண்டுவர வேண்டாம் என்பது அது. இதை எத்தனையோ முறை ஓதியிருக்கின்றோம். யாரை நோக்கிய கட்டளை என்று நின்று எண்ணியதில்லை. நலமுள்ள மந்தைக்காரனை ஓடச் சொல்லவில்லை. நோயைக் கொண்டுவரக் கூடியவனையே தடுத்து நிறுத்துகின்றது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் முன்னர் இரு ஹதீஸ்களையும் அறிவித்து வந்து, பிற்காலத்தில் தொற்றில்லை என்பதை அறிவியாது நிறுத்தி, இந்த ஒட்டக ஹதீஸில் நிலைத்து நின்றார்கள் என்று அவர்களின் மாணவர் அபூஸலமா (ரஹ்) கூறுவதும் ஸஹீஹான கிரந்தங்களில் பதிவாகியிருக்கின்றது. நோய் கண்ட ஊரைவிட்டு வெளியேறாதே என்ற ஆணையும் வெளியூராருக்குக் காப்பாகவே அமைகின்றது. பிறருக்கு நம்மால் தீங்கு நேரலாகாது என்னும் கவலைக்கு ஷரீஅத்தில் இடமுண்டு என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமா?

அந்தலூசியாவில் இப்னுல் கதீப், இமாமுக்கு முன்பே தொற்று உண்மையென்று எழுதினார். ஆடை வழியாகவும் பாத்திரம் வழியாகவும், காதணி வழியாகவுங்கூட நோய் பரவுவதையும், ஒதுங்கி வாழ்ந்தோர் தப்புவதையும் அனுபவச் சான்றாகக் காட்டினார். கண்கூடான உண்மைக்கு முரண்படுமாயின் மூலவாசகத்துக்கு விளக்கம் தேடவேண்டும் என்றார். அவ்வளவு தொலைவு போகும் தேவை நமக்கில்லை. இப்னுஸ் ஸலாஹின் வழியே போதுமானது.

எனினும் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் தரப்பில் ஓர் அச்சம் மறைந்திருப்பதை நாம் புறந்தள்ளலாகாது. தொற்று என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மக்கள் நோயாளியைக் கைவிட்டுவிட்டால்? நலமுள்ளோர் ஊரைவிட்டு வெளியேறினால் நோயுற்றோரைப் பேணுவார் யார் என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) முன்னரே கேட்டார்கள். கொரோனா நாட்களில் மையித்தைத் தொட உறவினரே அஞ்சியதைக் கண்டோம். தமிழகத்தில் முஸ்லிம் இளைஞர்கள் உரிய காப்புடை தரித்து, சமய வேறுபாடு பாராமல் இறந்தோரை அடக்கம் செய்ததையும் கண்டோம். விலகுவது வேறு, கைவிடுவது வேறு என்பதை அவ்விளைஞர்கள் கிதாபு எதுவும் எழுதாமலே விளக்கிவிட்டார்கள்.

ஆக, ‘பத்லுல் மாஊன்’ ஓதத்தக்க நூலே. ஹதீஸ் திரட்டாகவும் வரலாற்றுச் சான்றாகவும் அதற்கு ஈடானவை சிலவே. தொற்றுப் பற்றிய அதன் தீர்ப்பை மட்டும் மாணவர்க்கு முடிந்த முடிபாகச் சொல்லாதிருப்போம். இரு இணைப்புகளையும் எதிரெதிரே வைத்து, இப்னுஸ் ஸலாஹின் பக்கம் நாம் சாய்வதற்கான காரணத்தையும் சொல்லியே இப்போது ஓதிக்கொடுக்கின்றோம். முன்னர் நம்மிடம் ஓதிச் சென்றோர் இவ்வரிகளைக் காண நேர்ந்தால், நம் திருத்தமாக இதனை ஏற்றுக்கொள்வார்களாக.

தாயாருக்குச் சொன்ன விடையோ மிகச் சிறியது. “உம்மா, ஒட்டகக்காரனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. இன்று நான்தான் அந்த ஒட்டகக்காரன்” என்றோம். அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கஞ்சிக் கிண்ணத்தைக் கதவோரம் வைத்துவிட்டு, “அப்படியானால் ஆறுமுன் குடி” என்றார்கள். பதினைந்தாம் நாள் உள்ளே சென்று அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டோம். அல்லாஹ்வின் அருளால் அந்தக் கை சூடின்றி இருந்தது.

நம் கைகளால் நம்மவர்க்குத் தீங்கு சேராமல் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.