மேற்பூச்சு

என் கதை ஒன்றுக்கு ஒரு பத்திரிகை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தவன் நான். கறுத்த மேனியும் சற்றே தூக்கிய பல்லுமாக நான் எழுதியிருந்த பெண்ணை, சோப்பு விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவளைப் போல் தீட்டிவிட்டார் சித்திரக்காரர். ஒருவனுடைய சிருஷ்டியின்மேல் இன்னொருவன் வர்ணம் பூசுவது அபசாரம் என்பது அன்று முதல் என் திடமான அபிப்பிராயம். அதை அசைத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும்.

ஸ்வீடன் தேசத்து மார்க்குஸ் பெர்சன் 2009-ல் முதன்முதலாக வெளியிட்ட 'மைன்கிராஃப்ட்'டைச் சொல்கிறேன். அந்த உலகத்தில் மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டிகள். ஒவ்வொரு கட்டியின் முகத்திலும் ஒட்டியிருப்பது, பக்கத்துக்குப் பதினாறாக 256 புள்ளிகள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு படம். ஆரம்பத்தில் இந்தப் படங்கள், தபால் தலைகளை ஒரே தாளில் அச்சடித்ததுபோல் ஒரே கோப்பில் இருந்தன. 2013-ல் தனித்தனியாகப் பிரித்தார்கள். கோப்புகள் ஆடுகிறவனுடைய கம்ப்யூட்டரிலேயே இருப்பதால், வேண்டியவன் வேண்டிய படத்தை மாற்றி வரைந்து, ஒரு தொகுப்பாக்கிப் போட்டுக்கொள்ளலாம். பத்துப் பேர் சேர்ந்து ஆடினாலும், மாற்றியவன் கண்ணுக்குத்தான் மாற்றம். பக்கத்தில் நிற்பவனுக்கு அதே பழைய கல்.

2019-ல் விளையாட்டின் சொந்தக்காரர்களே ஜாஸ்பர் போயர்ஸ்ட்ரா என்ற ஓவியரைக் கொண்டு எல்லாவற்றையும் புதிதாக வரையச் செய்தார்கள். பழைய படங்களைத் தூக்கி எறியாமல், 'புரோகிராமர் ஆர்ட்' என்ற பெயரில் விருப்பமுள்ளவர்களுக்காக வைத்தார்கள். இந்தப் பெருந்தன்மை நம் பதிப்பாளர்களிடம் உண்டா, சொல்லுங்கள்! புதியவை லட்சணமானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 'நெதர்' என்கிற நரக லோகத்தின் சிவப்புப் பாறை முன்பெல்லாம் கண்ணைக் கரிக்கும். இப்போது சாந்தமாக இருக்கிறது. நரகம் கண்ணுக்கு இதமாக இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சுதந்திரம் என்று வந்தால் திருட்டும் கூடவே வருமல்லவா? கல்லையே காணாமல் அடித்துவிடும் தொகுப்புகள் உண்டு. அதைப் போட்டுக்கொண்டவனுக்கு, பூமிக்கடியில் வைரம் எங்கே இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். மற்றவர்கள் மணிக்கணக்கில் தோண்டிக்கொண்டிருப்பார்கள். இதைத் தடுக்க, சில சர்வர்கள் புதைந்து கிடக்கும் தாதுக்களைக் கல் என்றே பொய் சொல்லி அனுப்புகின்றன. பொய்க்குப் பொய்.

என் தங்கை மகனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிடிபடாது. 2018-ல் அவன் ஒரு சர்வரில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தான். அந்நாளில் தாதுக்கள் பலவற்றின் கறை ஏறக்குறைய ஒரே உருவம், நிறம்தான் வேற்றுமை. 'ரெட்ஸ்டோன்' என்ற செந்தாதுவை அவன் கரி என்றெண்ணிக் கல் குந்தாலியால் உடைப்பான். இரும்புக் குந்தாலி இல்லாமல் உடைத்தால் அது ஒன்றும் தராமல் போய்விடும். நண்பர்கள் சிரித்தார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, செந்தாதுவின் படத்தில் கறைக்குப் பதில் சிறு சிலுவைகளை வரைந்துகொண்டான். மறுநாள் முதல் தவறவில்லை. படத்தை மாற்றியிருக்கிறான் என்று தெரிந்ததும் திருடன் என்று பட்டம் கட்டி வெளியேற்றிவிட்டார்கள்.

"மாமா, எல்லாருக்கும் தெரியறதுதானே எனக்கும் தெரியணும்னு நெனச்சேன்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. கல்லை அழித்தவனும் சிலுவை வரைந்தவனும் தொட்டது ஒரே விதமான கோப்புகளைத்தான். ஒருவன் படைத்தவன் மறைத்ததைத் திருடினான். இவனோ படைத்தவன் காட்ட நினைத்ததை, காட்டத் தவறியதை, தானே காட்டிக்கொண்டான். என் கதையின் சித்திரக்காரர் இந்த இரண்டில் எந்த ஜாதி என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். இரண்டுமில்லை. அவர் கதையைப் படிக்கவே இல்லை.

2021-ல் விளையாட்டின் சொந்தக்காரர்களே, நிறம் பிடிபடாதவர்களுக்கும் உதவும்படி, தாதுக்களின் கறைகளை வெவ்வேறு உருவத்தில் வரைந்து வெளியிட்டார்கள். செய்தியைச் சொல்லப் போனேன். அவன் இன்னும் தன் சிலுவைகளோடுதான் ஆடிக்கொண்டிருந்தான்.

"அவங்க வரைஞ்சது நல்லாத்தான் இருக்கு மாமா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா எனக்கு இது பழகிப்போச்சு."