ரெண்டு வருடக் கணக்கும் ஈசிஜியும்

கோவில்பட்டி மாதிரி ஹாக்கி ஊரில், களமிறங்கும் எல்லாப் பசங்களுக்கும் ஈசிஜி கட்டாயமாக்கணும் என்பவர்கள் காட்டுவது இத்தாலியை. அங்கே 1982 முதல் அது சட்டம். வெனெட்டோ பகுதியின் இளம் வீரர்களிடையே திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6இலிருந்து 0.4ஆகக் குறைந்தது என்கிறது கொராடோ குழுவின் 2006 ஆய்வு.

அசத்தலான எண்தான். ஆனா அந்த 3.6 எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க: 1979–80, ரெண்டே வருடம். அரிதாக நடக்கும் மரணங்களில் ரெண்டு வருடக் கணக்கு எகிறுவதும் இறங்குவதும் சகஜம். இஸ்ரேலிலும் 1997இல் இப்படியொரு சட்டம் வந்தது. அதற்கு முந்தைய 12 வருடத்தையும் பிந்தைய 12 வருடத்தையும் ஸ்டெய்ன்வில் குழு 2011இல் ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லை. முந்தைய 2 வருடத்தை மட்டும் எடுத்திருந்தால் அங்கேயும் பெரிய வெற்றி! (அவர்கள் எண்ணியது பத்திரிகைச் செய்திகளை, அதுவும் குறைதான்.)

2021 யூரோ ஆட்டத்தில் சாய்ந்த எரிக்சன், அப்போது இத்தாலியின் இன்டர் மிலான் வீரர். அந்தச் சோதனைகளைத் தாண்டி வந்தவர். அவரைக் காப்பாற்றியது சிபிஆரும் டிஃபிபிரிலேட்டரும்.

ஈசிஜி வேண்டாம்னு சொல்லல. முதல்ல, குடும்பத்தில் யாராவது ஐம்பது வயசுக்குள் இதயக் கோளாறால் இறந்தாங்களா, ஓடும்போது மயக்கம் வந்ததான்னு பசங்களையும் பெற்றோரையும் உட்கார வச்சுக் கேளுங்க. டிஃபிபிரிலேட்டரையும் அதை இயக்கத் தெரிந்த ஒருத்தரையும் மைதானத்தில் வையுங்க. ஈசிஜி அதுக்கப்புறம்.