கையால் செய்யும் கணக்கு எதுவரை?

கியூபெக்கில் ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டே பிள்ளை செகண்டரி ஒன்றுக்குள் போகிறது. இடைநிலைப் பள்ளி என்று நடுவில் ஒன்று கிடையாது. இலக்கங்களோடு மட்டும் பழகிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் 'எக்ஸ்' வந்து நிற்பதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அங்கே தடுமாறும் பிள்ளைகளுக்காக ஓடு, தராசு, கட்டத்தாள், கத்தரிக்கோல் என்று செயல்முறைக் கணிதம் வகுப்புக்கு வந்தது. "விளையாட்டுக் காட்டி நேரத்தைப் போக்குகிறார்கள்" என்று மொன்றியல் தமிழ்ப் பெற்றோரில் சிலர் முணுமுணுக்கிறார்கள். "மனப்பாடம்தான் பிள்ளைகளைக் கணக்குக்குப் பயப்பட வைத்தது" என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் நல்லதைப் பார்ப்போம். 3(எக்ஸ் + 2) என்பதை விரிக்கச் சொன்னால் 3எக்ஸ் + 2 என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். விதியை எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த கிழமை அதே பிழை வரும். இப்போது ஓடுகளை எடுப்போம். நீளப் பட்டை எக்ஸ், சிறு சதுரம் ஒன்று. ஒரு பட்டை, பக்கத்தில் இரண்டு சதுரம்: இது ஒரு வரிசை. இதேபோல மூன்று வரிசை அடுக்கச் சொன்னால் ஆறு சதுரங்கள் மேசையில் கிடக்கின்றன. ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் தொடவே வேண்டாம். பிள்ளையே தன் விடையை வெட்டித் திருத்துகிறது. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் மூன்று உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் ஏன் பெருக்குகிறது என்ற காரணம் அதற்குப் பிடிபட்டுவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. 1977இல் வந்த 101ஆம் சட்டத்துக்குப் பிறகு, குடியேறியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பள்ளிக்கே போகிறார்கள். வீட்டில் தமிழ், தொலைபேசியில் ஆங்கிலம், வகுப்பில் பிரெஞ்சு. வந்து சில மாதங்களே ஆன பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், சொல்ல வார்த்தை இருக்காது. மூன்று வரிசை ஓட்டை அடுக்கிக் காட்டினால் போதும், அதற்குப் புரிந்திருப்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

குறையும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. வாய் திறக்காமல் காட்ட முடிவது முதல் ஆண்டில் வரம், மூன்றாம் ஆண்டில் கடன். கியூபெக் செகண்டரி கணித மதிப்பீட்டில் 30 சதவீதம் சூழல் சார்ந்த கணக்குகளுக்கு, 70 சதவீதம் கணிதத் தர்க்கத்துக்கு. முதலாவதில் நீளமான பிரெஞ்சுப் பத்திகளை வாசித்து, வேண்டிய தரவைப் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாவதில் காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். மேசையில் அடுக்கியதை ஒருநாளும் வாக்கியமாக எழுதிப் பழகாத பிள்ளை இரண்டிலும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்த குறை பொருளிலேயே இருக்கிறது. 3(எக்ஸ் − 2) வரை வேறு நிற ஓடுகளைக் கொண்டு சமாளிக்கலாம். −3(எக்ஸ் − 2) என்று வந்தால் 'மைனஸ் மூன்று வரிசை' எப்படி அடுக்குவது? ஓட்டைத் திருப்பிப் போடு என்று ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த விதியும் மனப்பாடம்தான், நிறம் பூசிய மனப்பாடம்.

கண்ணும் கையும் சேர்ந்தே ஏமாற்றுவதும் உண்டு. பக்கத்துக்கு எட்டுக் கட்டம் உள்ள சதுரத்தை இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகம் என வெட்டி மாற்றி அடுக்கினால் 5க்கு 13 செவ்வகம் கிடைக்கிறது. 64 கட்டம் 65 ஆகிவிட்டது! முக்கோணத்தின் சாய்வு எட்டுக்கு மூன்று, சரிவகத்தின் சாய்வு ஐந்துக்கு இரண்டு, அதாவது 0.375, 0.4. மூலைவிட்டம் நெடுக ஒரு மெல்லிய இடைவெளி திறந்திருக்கிறது, அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம். கத்தரிக்கோல் கேள்வியை எழுப்பியது. பதில் விகிதத்தில் இருந்தது. வெட்டி ஒட்டிப் பார்த்ததையே நிரூபணம் என்று விட்டுவிடும் வகுப்பில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

கார்பனோ, மார்லி, செலிக் ஆகியோர் 2013இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. பொருள்களைக் கொண்டு படித்தவர்களுக்கு, குறியீட்டை மட்டும் வைத்துப் படித்தவர்களைவிடப் பாடம் நன்றாக நினைவில் நின்றது. புதிய கணக்குக்கு அதைப் பயன்படுத்துவதிலும் காரணம் காட்டுவதிலும் கிடைத்த பலன் சிறியதே.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறையின் முன்னோடிகளில் ஒருவர் இதற்கான மருந்தையும் சொல்லிவிட்டுத்தான் போனார். ஹங்கேரியில் பிறந்த ஸோல்டான் டீன்ஸ் 1960களின் பிற்பகுதியில் மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் நடத்தியவர். இடமதிப்பு கற்பிக்கும் கட்டைகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. அவர் வகுத்த படிகள் ஆறு: இஷ்டம்போல் விளையாடுதல், விதியோடு விளையாடுதல், பல விளையாட்டுகளில் பொதுவானதைக் காணுதல், அதை வரைந்து காட்டுதல், குறியீட்டில் எழுதுதல், விதிகளாக முறைப்படுத்துதல். ஒரே கருத்தைப் பல பொருள்களில் காட்ட வேண்டும், அப்போதுதான் பொருள் உதிர்ந்து கருத்து நிற்கும் என்பது அவர் வாதம். கட்டைகளை வாங்கிய பள்ளிகள் பல. கடைசி மூன்று படிகளை ஏறிய வகுப்புகள் அவ்வளவு இல்லை.

கருவி விலை கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னை ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் பழைய நாட்காட்டித் தாளை வைத்தே எண்களின் ஒழுங்கைக் காட்டினார். கிழமைகளின் கட்டத்தில் நான்கு தேதிகளைச் சதுரமாகப் பிடித்து எதிரெதிர் மூலைகளைக் கூட்டினால் இரண்டு தொகையும் ஒன்றே. பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டு, ஏன் என்று கேட்கும்போது என், என் + 1, என் + 7, என் + 8 என்று எழுத வேண்டியிருக்கிறது. நாட்காட்டி அதற்குமேல் தேவைப்படுவதில்லை.

செயல்பாட்டை எடைபோட இந்த அளவுகோலே போதும்: தன்னை விட்டுவிட்டுக் குறியீட்டுக்குப் போக அது பிள்ளையைத் தள்ளுகிறதா? தள்ளாவிட்டால், எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் அது பாதிப் பாடம். பாடவேளையின் கடைசிப் பகுதியை ஓடுகளை எடுத்து வைத்துவிட்டு, செய்ததைப் பிரெஞ்சில் நாலு வரியும் குறியீட்டில் ஒரு வரியும் எழுதுவதற்கென்று ஒதுக்கினால் மீதிப் பாதியும் வந்து சேரும். பள்ளி அதைச் செய்யாத இடத்தில், ரியூசனுக்கு இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்குவதற்குப் பதில், "இன்றைக்கு அடுக்கியதை எழுதிக் காட்டு" என்று பெற்றோரே கேட்கலாம்.