வழக்கு விழுந்தால் உரிமையும் விழும்

குடும்ப வன்முறைக்கென்று இந்தியாவும் இலங்கையும் தனிச் சட்டம் இயற்றியது 2005இல். நம் மலேசியாவில் அது 1994இலேயே நிறைவேறி, 1996 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்துவிட்டது. அதே தொண்ணூறுகளில்தான் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், அடிபட்டவர்களுக்கும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையம் தொடங்கியது. மருத்துவமனை வட்டாரத்தில் ஓஎஸ்சிசி என்றால்தான் தெரியும். அது நாடெங்கும் அரசு மருத்துவமனைகளுக்குப் பரவியது. இவ்வளவு முன்னதாகப் புறப்பட்டும், குற்றத்துக்கு ஆளானவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் அலைகிறாரே, ஏன்? இங்கே உரிமை ஆளோடு சேர்த்து எழுதப்படவில்லை, வழக்கோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் பதில். கோப்பு திறந்திருக்கும்வரை உரிமை உண்டு. கோப்பு மூடினால் அதுவும் போயிற்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். அடிபட்டு வரும் இரவுக்கு நம் ஏற்பாடு தரமானது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ ஒரு பெண் அடிபட்டு வந்தால், காய்ச்சல்காரர்களோடும் விபத்தில் சிக்கியவர்களோடும் கூடத்தில் உட்கார்ந்து பெயர் கூப்பிடக் காத்திருக்கக் கூடாது என்பது விதி. தனி அறைக்கு அழைத்துப் போக வேண்டும். மருத்துவர் அங்கேயே வந்து காயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார், தடயங்களைச் சேகரிப்பார். போலீசையும் சமூகநல அதிகாரியையும் அந்த அறைக்கே வரவழைக்கலாம். நடந்த கொடுமையை நாலு இடத்தில் நாலு தடவை சொல்லவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது.

2017இல் சட்டம் திருத்தப்பட்டு 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்த அவசரப் பாதுகாப்பு உத்தரவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதற்குப் போலீஸ் புகார் வேண்டாம், மாஜிஸ்திரேட்டும் வேண்டாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் சமூகநல அதிகாரியே பிறப்பிக்கலாம், 7 நாள் செல்லும். சனிக்கிழமை இரவு அடிபட்டவர் திங்கட்கிழமை நீதிமன்றம் திறக்கும்வரை அடித்தவனோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை. 15999 தாலியான் காசே தொலைபேசி 24 மணி நேரமும் எடுக்கப்படுகிறது. பண மோசடியில் சிக்கியவர் பணம் கைமாறிப் போகுமுன் அழைப்பதற்கு 2022 முதல் 997 இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல் காணொளி வழியாகவோ திரைக்குப் பின்னாலிருந்தோ சாட்சியம் சொல்ல 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென்று 2017இல் புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமே வந்தது. இவை வெறும் காகிதச் சாதனைகள் அல்ல.

எட்டாம் நாள்தான் சிக்கல் தொடங்குகிறது. அவசர உத்தரவு முடிந்ததும் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு மட்டுமே அது செல்லும். ‘என்எஃப்ஏ’ என்று, அதாவது மேல் நடவடிக்கை இல்லையென்று, ஐஓ, அதாவது விசாரணை அதிகாரி, கோப்பை மூடித் தகவல் கொடுத்தால் உத்தரவும் காலாவதி. வழக்கு நீதிமன்றம் ஏறினால் 12 மாதத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதுவும் குற்றவியல் வழக்கின் முதுகில்தான் ஏறி வருகிறது. போதிய சாட்சியம் இல்லையென்று கோப்பை மூடுவது போலீஸ் தரப்பில் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அவன் அடித்ததை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க முடியவில்லை என்பது ஒன்று, அவன் இனி அடிக்க மாட்டான் என்பது வேறொன்று. நம் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

பின்னால் வந்தவர்கள் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், கணவன் மீது குற்றவியல் வழக்கே போடாமல் மாஜிஸ்திரேட்டிடம் நேராகப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மணம் புரியாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் அது பொருந்தும். இலங்கைச் சட்டமும் குற்ற வழக்கை எதிர்பார்க்காமல் 12 மாதம் வரை உத்தரவு தருகிறது. நம் சட்டத்தில் காதலனிடம் அடிபட்டவளுக்கு இடமே இல்லை. விவாகரத்து வழக்குப் போட்டவர் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ்த் தடையுத்தரவு கேட்கலாம் என்பது உண்மைதான். அதற்கு முதலில் விவாகரத்துக்குத் துணிய வேண்டும், பிறகு வக்கீலுக்குப் பணம் புரட்ட வேண்டும். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதை 2023இல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு குற்றமாக்கியது. அதற்குரிய பாதுகாப்பு உத்தரவையும் விசாரணையோடுதான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் வழக்கை நம்பியிருப்பதால், வழக்கின் முதல் தாளான போலீஸ் ரிப்போர்ட் தலையெழுத்து மாதிரி ஆகிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் முகப்பில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வந்தவர் பாதி தமிழிலும் பாதி பசார் மலாயிலும் சொல்வார். காவலர் மலாயில் தட்டி, அச்செடுத்து, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுவார். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்கிறது. மொழி சரியாகப் புரியாதவருக்கு மலாயில் படித்துக் காட்டி என்ன பயன்? கழுத்தை நெரித்தான் என்று அவர் சொன்னது, கணவன் மனைவி தகராறு என்று அந்தத் தாளில் சுருங்கியிருக்கலாம். ஒரு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதே தாளைத் தூக்கிக் காட்டுவார்: “அன்றைக்குக் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே அம்மா?” நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் இருந்திருக்க வேண்டிய இடம் புகார் முகப்பு.

புகார் கொடுத்தாயிற்று, அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை 2007இல் 107ஏ பிரிவாகச் சட்டத்தில் ஏறியது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரர் கேட்டால், காவல் நிலையப் பொறுப்பதிகாரி 2 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். தரவில்லையென்றால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம். நல்ல பிரிவுதான், ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். புகார் கொடுத்து 4 வாரம் கடந்திருக்க வேண்டும். விசாரணையைப் பாதிக்கும் விவரம் அறிக்கையில் இருக்கக் கூடாது. குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகையாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கைநீட்டினால் அது பெரும்பாலும் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவில் சாதாரணக் காயம், அந்த வகையில் வராது. அடிபட்டவருக்கு அறிக்கை கேட்கும் உரிமையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படியொரு உரிமை இருப்பதைப் புகார்தாரரிடம் யாரும் சொல்வதில்லை. கேட்டால் கிடைக்கும் உரிமை, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே உரிமை.

பணத்துக்கு வருவோம். சங்கிலி பறிப்பில் மோட்டார் சைக்கிளால் இழுத்துத் தள்ளப்பட்டு மணிக்கட்டு முறிந்த ஒரு சமையல்காரப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அடுப்படிக்குப் போக முடியாது, கூலியும் வராது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவின்படி, டிபிபி என்னும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், குற்றவாளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டே ஆக வேண்டும். சம்பள இழப்பையும் அதில் சேர்க்கலாம். ஆனால் திருடன் பிடிபட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும், டிபிபி மறக்காமல் விண்ணப்பிக்க வேண்டும், திருடனிடம் காசும் இருக்க வேண்டும். அந்த நான்கில் ஒன்றுகூட அந்த அம்மாள் கையில் இல்லை. தண்டனைக்கு முன் தன் பாதிப்பை நீதிபதியிடம் சொல்லும் உரிமை 183ஏ பிரிவில் இருக்கிறது. அதையும் அவர்தான் கேட்டு வாங்க வேண்டும், அதற்கும் தீர்ப்பு வரை வழக்கு நிற்க வேண்டும்.

குற்றத்துக்கு ஆளானவருக்கு அரசே இழப்பீடு தரும் திட்டத்தை நியூசிலாந்து 1963லேயே சட்டமாக்கியது. குற்றவாளியிடமிருந்து முழு இழப்பீடு கிடைக்காவிட்டால் அரசு நிதியுதவி செய்ய முயல வேண்டும் என்று 1985இல் ஐ.நா. பிரகடனமும் சொன்னது. அவ்வளவு தூரம் போவானேன், தமிழ்நாட்டைப் பார்க்கலாம். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 357ஏ பிரிவு 2009 கடைசியில் நடப்புக்கு வந்தது. அதன்படி தமிழ்நாடு 2013இல் இழப்பீட்டுத் திட்டம் வகுத்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் பாதிக்கப்பட்டவர் நேரே விண்ணப்பிக்கலாம். அங்கேயும் தாமதம் உண்டு, அலைக்கழிப்பு உண்டு. என்றாலும் வாசல் ஒன்று இருக்கிறது. நமக்கு அந்தப் பொதுவான வாசலே இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச வக்கீல் தரும் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் இயங்குகிறது. அது வேண்டிய ஒன்று, அதைக் குறை சொல்வது பிழை. ஆனால் அதே நீதிமன்ற வளாகத்தில் பாதிக்கப்பட்டவர் தனியாக நிற்கிறார். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைகளுக்குச் சட்ட உதவி இலாகா துணையாளரைத் தருகிறது. மற்றவர்களுக்குத் துணையாக வருவோர் பெரும்பாலும் தொண்டர்கள்தான்: 1982இல் தொடங்கிய பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூஏஓ, அவாம், ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் உருவாக்கிய தெனாகானித்தா. அடைக்கல வீடு நடத்துவதும், வெல்ஃபேர் அலுவலகத்துக்குக் கூடவே போவதும், ஐஓவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போடுவதும் இவர்கள் வேலையாகிவிட்டது. நன்கொடையில் ஓடும் அமைப்புகள் சோர்ந்தால் எட்டாம் நாளுக்குப் பிறகு பிடித்துக்கொள்ளக் கை இருக்காது.

குற்றம் செய்தவரே போலீஸ்காரர் என்றால் இந்த அமைப்பு அடியோடு தடுமாறுகிறது. 2009 ஜனவரியில் யூஎஸ்ஜே தைப்பான் காவல் நிலையத்தில் 22 வயது ஏ. குகன் இறந்தார். போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்ற தீர்ப்பை அவருடைய தாயார் உயர்நீதிமன்றத்தில் பெற்றது 2013இல், அதுவும் சொந்தமாகத் தொடுத்த சிவில் வழக்கில். விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே சீருடையில் இருக்கும்போது, விசாரணையைச் சார்ந்த உரிமைகளால் என்ன பயன்? 2023 ஜூலையில் இயங்கத் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் விசாரித்துப் பரிந்துரைக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

உரிமையை வழக்கோடு கட்டுவதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: பொய்ப் புகாரில் ஒருவரை வீட்டை விட்டு விலக்கிவிடக் கூடாது, மக்கள் வரிப்பணம் போலிகளுக்குப் போகக் கூடாது. கவலை நியாயமானது. ஆனால் அதற்கு விடையும் நம்மிடமே இருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் தீர்ப்பாயம் 2024 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. அங்கே பாதிக்கப்பட்டவரே மனுதாரர். குற்றவியல் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டாம், வக்கீலும் பொதுவாக வேண்டாம். எதிர்த்தரப்பையும் கேட்டுவிட்டு 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தரத் தீர்ப்பாயம் ஆணையிடலாம். இரு தரப்பையும் கேட்பதே பொய்ப் புகாருக்குக் காப்பு. அலுவலகத்தில் தொல்லைக்கு ஆளானவரை நம்பி இப்படியொரு வழி திறந்த நாடு, வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு அதைத் திறக்க மறுப்பது பொருந்தவில்லை.

ஆகவே புதுச் சட்டங்களை அடுக்குவதைவிட, இருக்கும் சட்டத்தின் முடிச்சை அவிழ்ப்பது முதல் வேலை. பாதுகாப்பு உத்தரவைக் குற்ற வழக்கிலிருந்து பிரித்து, மாஜிஸ்திரேட்டிடம் நேரே கேட்கும் சிவில் நிவாரணமாக மாற்ற வேண்டும். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமையை டிபிபியோடு பாதிக்கப்பட்டவருக்கும் தர வேண்டும். குற்றவாளி பிடிபடாதபோது கைகொடுக்க, அபராதப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு நிதி அமைக்கலாம். இவற்றுக்கு நாடாளுமன்றம் கூட வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் ரிப்போர்ட் நகலோடு 107ஏ, 183ஏ, 426 மூன்றையும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் சொல்லும் ஒரு பக்கத் தாளைக் கொடுக்கவும், புகார் எழுதும்போது தொலைபேசியிலாவது மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரவும் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதைக்கூடச் செய்யாமல், முப்பது வருடங்களுக்கு முன் போட்ட முன்னோடிச் சட்டத்தைச் சொல்லிப் பெருமைப்பட நமக்குத் தகுதியில்லை.